பதினாலு சுவர்க்கடிகாரம்

“எங்க பள்ளிக்கூடத்துல பதினாலு சுவர்க்கடிகாரம் இருக்குண்ணே. வகுப்பறை ரெண்டுதான்.”

பர்மாவில், இன்சீன் போகும் வட்ட ரயிலில், எதிர் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் கவிழ்த்துவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்தவர் அங்கே படித்த பழைய மாணவராம். கையில் ஒரு புதுக் கடிகாரம். அதன் முகப்பில் சிவப்புத் தமிழ் எழுத்தில் அவருடைய அப்பா பெயர், கீழே ‘உபயம்’.

“அப்ப வேற என்னம்மா வேணும்?”

“தமிழ் சொல்லித்தர்ற சயாமாவுக்குச் சம்பளம். கட்டுப்படியாகாம அவங்க அடுத்த மாசம் கடை வேலைக்குப் போறாங்க. படிச்சவங்க எல்லாம் சேர்ந்து ஒரு நிதி போடுறோம். முதலைத் தொட மாட்டோம், வர்ற வட்டியில சம்பளம்.”

“அதுல அப்பா பேரை எங்க எழுதுவீங்க?”

“எங்கயும் எழுத முடியாதுண்ணே.”

அவர் முகம் வாடிவிட்டது. “அப்பா போய் நாப்பது நாள்கூட ஆகல. பேரு நாலு பேர் கண்ணுல படணும்மா.”

எனக்கே பாவமாக இருந்தது. அவள் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணுல படும்ணே. சயாமா போயிட்டா அதைப் படிக்கத்தான் ஆள் இருக்காது. என் மகனுக்கே பர்மிய எழுத்துதான் தெரியும்.”

இன்சீன் வந்ததும் அவர் எழுந்து, கடிகாரத்தை அவள் கையில் கொடுத்தார்.

“இதை மாட்டிடுங்க. பிள்ளைங்க இதைப் படிக்கிறதுக்கு நான் என்ன குடுக்கணும், சொல்லுங்க.”