மூன்று ஆளான டாக்டர்

மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பவே இல்லை. முன் சீட்டிலிருந்த பெண் டாக்டர் தோழியிடம், "இன்டர்நெட்டுல நான் மூணு ஆளுடி" என்றார்.

"என்னடி சொல்ற?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரைல அப்பா இனிஷியல். பின்னாடி எழுதுனதுல வீட்டுக்காரர் இனிஷியல். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் அப்பா பேரையே முழுசா போட்டுட்டான். எம்புட்டுப் பேரு என் கட்டுரைய மேற்கோள் காட்டுனாலும் கணக்கு மூணா பிரிஞ்சு போகுது. புரமோஷன் நிக்குது."

"மூணும் நாந்தான்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஆபீஸ்ல சொன்னேன். மத்த ரெண்டு பேருகிட்டயும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நானே ரெண்டையும் எழுதிக் குடுத்தேன்."

"அப்புறம்?"

"ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."