திருத்தத்துக்கு முந்தைய அளவு

மே மாதத்தில் ஒரகடம் சாலையில் நிழல் கிடைப்பதில்லை, காவல் ஆய்வாளர் அவர்களே. என் காரும் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில்தான் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நின்றுகொண்டிருக்கும்.

என் பெயர் ரகுபதி. அங்கே தரக்கட்டுப்பாட்டு மேலாளர். விடியலில் நீராடித் திருநீறணிந்து, குன்றத்தூர் மலையை நோக்கி இரண்டு பதிகமேனும் பாடாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டதில்லை. பூசைக்குப் பறிக்கும் பூவில் வண்டு இருந்தால் அந்தப் பூவை விட்டுவிடுவேன். என் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய வண்டி ஏப்ரலில் பத்துக்கு இறங்கியது. டயர்களில் காற்று சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்த்தேன். பிரேக் உரசுகிறதோ என்று ஓடி நின்றவுடன் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. பிறகுதான் பட்டறைக்கார எழிலரசனிடம் கொண்டுசென்றேன். வண்டிக்கு அடியிலிருந்து வெளிவந்து அவர் சொன்னது எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. பாடல்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான்.

“சார், இன்ஜின்லேர்ந்து புகை போற பைப்பு வெடிச்சிகீது. அதால சென்சார் ஏமாந்துபோயி பெட்ரோல எக்ஸ்ட்ரா வுடுது. அத்த வுடுங்க, புகை உள்ள வருது. கண்ணாடிய ஏத்திகினு ஏசிய போட்டு ஒரே எடத்துல குந்திகினு இருந்தா ஆளு காலி. வண்டிய இப்பவே வுட்டுட்டுப் போங்க.”

“அடுத்த வாரம் விடுறேன், எழில்.”

“டிரைவராண்டயாவது சொல்லிடுங்க சார். மறந்துடாதீங்க.”

நான் மறக்கவில்லை.

ஓட்டுநர் அருள்பாண்டி சாத்தூர்ப் பக்கத்தவர், முப்பத்தாறு வயது. என்னிடம் வருமுன் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்டில் இருந்தார். வடக்குப்பட்டில் அவர் தங்கிய அறையில் ஐந்து கட்டில்கள், பத்துப் பேர். இரவு வேலைக்காரர்களுக்குப் பகலில் கட்டில்; பகல் வேலைக்காரர்களுக்கு இரவில். ஒப்பந்தம் முடிந்து என்னிடம் பகல் வேலைக்கு வந்த பின்னும் அவருக்குப் பகல் கட்டிலே நிலைத்தது. இரவுக் கட்டில் ஒன்றும் காலியாகவில்லை. அதனால் இரவெல்லாம் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்திருப்பார். பகலில் அவருடைய கட்டில் அங்கே வெறுமையாகக் கிடக்கும். அவர் என் காரில் உறங்குவார்.

“வண்டிய ரூமுக்குக் கொண்டுபோயி, செத்த நேரம் தலையச் சாய்ச்சுட்டு வந்துரட்டுமா சார்?” என்று ஒருமுறை கேட்டார். பெட்ரோல் வீணாகும் என்று மறுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மாலையில் நான் ஏறும்போது, வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே குளிர்ந்திருக்கும். நின்ற இடத்திலேயே ஏசியை ஓடவிட்டு உறங்கியிருக்கிறார் என்பது விளங்கியது.

ஆகவே எரிபொருள் இரண்டு வழியில் போயிற்று: வெடித்த பைப், அருள்பாண்டியின் உறக்கம். எதன் பங்கு எவ்வளவு?

என் தொழிலில் ஒரு நெறி உண்டு. திருத்துமுன் உள்ள அளவை முறையாக எடுக்காதவன் திருத்தியபின் எதையும் நிறுவ இயலாது. என்னிடமிருந்த லிட்டருக்குப் பத்து என்பது வெறும் மதிப்பீடு. டேங்கை நிரப்பி, எதையும் மாற்றாமல், அது தீரும்வரை பார்க்க வேண்டியிருந்தது. அருள்பாண்டியிடம் சொன்னால் கண்ணாடியை இறக்கிவிடுவார், ஏசியைத் தொடமாட்டார். நிலைமை மாறிவிடும். என் கைகள் கட்டப்பட்டிருந்தன.

டேங்கை நிரப்பிய மூன்றாம் நாள், “காலையிலருந்து தலை கிண்ணுன்னு இருக்கு சார், குமட்டிக்கிட்டு வருது” என்றார்.

“வெயில்தாம்ப்பா. மோர் குடி” என்றேன். நானே வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளியன்று மதியம் அவர் மனைவி பாண்டிச்செல்வி ஊரிலிருந்து என்னை அழைத்தார். “சார், அவுகளுக்கு அஞ்சாறு தடவ போன் அடிச்சிட்டேன், எடுக்க மாட்டேங்காக. செத்த எட்டிப் பாக்கீகளா?”

“தூங்குவார்மா. ராத்திரி தூக்கமில்லாத மனுஷன். எழுப்ப வேணாம்.”

“உங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு சார்” என்றார் அந்த அம்மாள்.

மாலை ஐந்துக்குச் சென்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அதை நிறுத்தினேன். பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன், கால் டேங்குக்குச் சற்று மேலே நின்றது. பிறகு அவர் தோளைத் தொட்டேன்.

வெயில் தாக்கிய சாவு என்று முதலில் எழுதினார்கள். வண்டியையும் என்னிடமே ஒப்படைத்தார்கள். நேற்று எழிலரசன் இங்கு வந்து சொன்னவை அனைத்தும் உண்மை. தெரிந்தே இருந்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்தே இருந்தேன். அந்த வாரம் நான் பயணம் செய்தபோதெல்லாம் கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன். காற்றோட்டம் உடம்புக்கு நல்லது என்று அவரிடம் கூறினேன். நான் மாற்றிய நிலை அது ஒன்றுதான். அளவில் அது ஒரு சிறு பிழை என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் இரண்டு வாரம் நானே ஓட்டினேன், கண்ணாடிகளை இறக்கியபடியே. பைப்பை மாற்றவில்லை. லிட்டருக்குப் பதினான்கு கிடைத்தது. ஆகவே பழுது பெரும்பாலும் பைப்பில் இல்லை.