எட் மேத்ஸ் எடுக்காதவள்

பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். மற்றவள் மடியில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. இருவரும் பள்ளி முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

“எஸ்.பி.எம். பரீட்சைல என்னைவிட நீதான் நல்லா செஞ்ச. ஆனா யுனிவர்சிட்டிக்கு நான் போறேன்,” என்றாள் பெட்டி வைத்திருந்தவள்.

சீருடை போட்டிருந்தவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “நான்தான் எட் மேத்ஸ் எடுக்கலியே. அந்தக் கூடுதல் கணக்குப் பாடம் கஷ்டம், மொத்த ரிசல்ட்டையும் கெடுத்துடும்னு டீச்சர் வேணாம்னாங்க.”

“எனக்கும் அதையேதான் சொன்னாங்க. எஞ்சினியரிங் படிக்க அது கண்டிப்பா வேணும்னு யாரோ அப்பாகிட்ட சொல்லியிருக்காங்க. அவருதான் அந்தப் பாடத்த விட விடல.”

“எங்க வீட்டுல அப்படிச் சொல்ல ஆளில்ல லா.”

பிறகு சீருடைக்காரி மெதுவாகச் சொன்னாள்.

“இந்த வருஷம் அந்த ஒரு பாடத்த மட்டும் பள்ளிக்கு வெளியிலேருந்து தனியா எழுதப் போறேன். பேரு குடுத்துட்டேன்.”

“ஷிஃப்ட் வேலை செஞ்சிக்கிட்டா? எப்படிடி படிப்ப?”

“நீ லீவுல வரும்போது சொல்லிக்குடு.”

“நானே தட்டுத்தடுமாறித்தான்டி பாஸானேன்.”

“யுனிவர்சிட்டில கேக்குறது பாஸ்தானே? எனக்கு அது போதும்.”

தோழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றாள். “மொத லீவுக்கே வர்றேன். அன்னிக்கு ஓவர்டைம் போயிடாத.”