எட்டாவது ரவுண்டின் பதினோரு நொடி

இரவு பத்தே கால் மணி. கடைசிப் பேருந்து அவரை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். தெருக்கோடியில் வானொலி நிலையத்தின் சிவப்பு விளக்கு. அதுவரைக்கும் ஆள் கிடையாது... நாய்கூடக் கிடையாது. அவர் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பித்தளை மணி.

இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினீர்களே, அந்தக் காலத்துச் சாம்பியனும் இந்தக் காலத்துச் சாம்பியனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று? அடுத்தவன் மூக்கு உடைவதைப் பற்றி நாற்காலியில் சாய்ந்துகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதனால்தான் இதைச் சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள். எனக்குச் சொன்னவன் என் நண்பன். நடந்தது அவனுடைய தாய்மாமாவுக்கு. பேருந்திலிருந்து இறங்கியவர் அவர்தான்.

மாமாவுக்குப் பகலில் தபால் பிரிக்கும் வேலை. மாலையில் குத்துச்சண்டை ரிங் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்காருவார். மணிக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு ரவுண்டுக்கு மூன்று நிமிடம். பத்து நொடி மீதி இருக்கும்போது சுத்தியால் பலகையில் தட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் மணி. அவ்வளவுதான் வேலை. ஆனால் மணி அடிக்கும்வரை அடி நிற்காது.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஹெவிவெயிட் இருந்தார். மலை என்று பட்டப்பெயர். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மாமாவுக்கு மட்டும் ஆகாது. பகை ஒன்றும் இல்லை, வெறும் அபிப்பிராயம். "அவனோட மோதினவன் எல்லாம் சோப்ளாங்கி. இவனுக்கு முந்தின சாம்பியன் முன்னாடி நின்னிருந்தா ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டான்" என்பார். பயிற்சிக்கூடமே அவரை ஓட்டும். "வாங்க மணிக்காரரே, இன்னைக்கு யாரை யாரோட மோத விடறீங்க?" பத்து வருடம் இந்தக் கிண்டல். மாமாவும் சிரிப்பார். உள்ளே புழுங்குவார்.

மலைக்கு நாற்பது வயதானபோது இருபத்து மூன்று வயது ஆள் ஒருவனோடு மோத விட்டார்கள். எட்டாவது ரவுண்டில் மலை கயிற்றில் சாய்ந்துவிட்டார். இரண்டு கையும் தொங்கிவிட்டன. மாமா பலகையில் தட்டினார். பத்து நொடி போயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. சுத்தியைத் தூக்கினார்... தூக்கியபடியே வைத்திருந்தார்.

விழட்டுமே என்று நினைத்தார். மணி அடித்தால் மூலையில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எழுந்து வந்துவிடுவான். விழுந்தால்தான் தான் சொன்னது சரி என்று ஆகும். பதினோரு நொடி. ஒரு வாய்ச்சண்டையில் ஜெயிப்பதற்காக ஒரு மனிதனைப் பதினோரு நொடி அடிக்க விட்டார். மலை விழுந்த பிறகுதான் மணி அடித்தார். கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் தெரியவில்லை. கணக்கில் உள்ள கடிகாரம் அவர் கையில் இருந்தது ஒன்றுதான்.

நாலாம் நாள் மலை ஆஸ்பத்திரியில் இறந்தார். வராந்தாவில் அவர் மனைவி மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணே, மணி சரியாத்தானே அடிச்சீங்க?"

"சரியாத்தாம்மா அடிச்சேன்."

அந்த அம்மா அதை நம்பினார். நன்றிகூடச் சொன்னார்.

இத்தனை வருடம் கழித்து வானொலிக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. செத்துப்போன மலையையும் இன்றைய சாம்பியனையும் மோத விட்டால் என்ன? வர்ணனையாளர் காகிதத்தைப் பார்த்து வர்ணிப்பார். ஒலிக்காரர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு மணல் மூட்டையைக் குத்துவார். நேரடி ஒலிபரப்பு. மணி மட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று மாமாவைக் கூப்பிட்டார்கள்.

காகிதத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அதில் எட்டாவது ரவுண்டில் மலை கயிற்றில் சாய்கிறார். மணி அடித்துக் காப்பாற்றுகிறது. பத்தாவது ரவுண்டில் ஜெயிக்கிறார். அதைப் படித்த அன்று மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவையாவது சரியாக அடித்துவிட வேண்டும். அதற்காகவே ஒப்புக்கொண்டார். செத்தவனுக்குக் காகிதத்தில் நியாயம் செய்வது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

ஒலிபரப்பு அன்று இரவு, கிடங்குகள் இருந்த அந்தத் தெருவில் பாதி தூரம் போயிருப்பார். பின்னால் சத்தம். செருப்புச் சத்தம் இல்லை. மெல்லிய தோல் காலணி... சர்... சர்... தொப். சர்... சர்... தொப். ரிங்கில் பக்கவாட்டில் நகர்ந்து வருகிற சத்தம். அவர் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கூடவே ஒரு வாசனை. சண்டைக்கு முன்னால் தோளில் தேய்க்கிற தைலம். அதற்கு அடியில் ஈரத் தோல், பழைய வியர்வை.

திரும்பினார். தெரு காலி.

நடந்தார். சர்... சர்... தொப். அவர் நின்றால் அதுவும் நின்றது. அவர் வேகமாக நடந்தார். அது வேகத்தைக் கூட்டவில்லை... ஆனால் கிட்டே வந்தது.

நிலையத்தின் கண்ணாடி அறையில் மூன்று பேர்தான். வர்ணனையாளர், ஒலிக்காரர், மாமா. ஏழு ரவுண்டு ஒழுங்காகப் போயிற்று. மணி கணீர் கணீர் என்று அடித்தது. மாமாவுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

எட்டாவது ரவுண்டு. "மலை கயிற்றில் சாய்கிறார்..." என்று வர்ணனையாளர் வாசித்தார். மாமா ஸ்டாப்வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பலகையில் தட்டினார். மூன்று நிமிடம். சுத்தியை ஓங்கி அடித்தார்.

மணி ஒலிக்கவில்லை.

மறுபடி அடித்தார். சுத்தி பித்தளையில் படுகிறது, அதிர்வு முழங்கைவரை ஏறுகிறது... சத்தம் மட்டும் இல்லை. காகிதத்தில் அந்த ரவுண்டு முடிந்ததும் வர்ணனையாளர் நிறுத்திவிட்டார். ஒலிக்காரர் கிளவுஸைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். ஆனால் குத்து நிற்கவில்லை. தட்... தட்... தட். மணல் மூட்டையின் சத்தம் இல்லை அது. உள்ளே எலும்பு இருக்கிற சத்தம். ஒவ்வொரு அடிக்கும் யாரோ உடைந்த மூக்கால் மூச்சை இழுத்தார்கள்.

பதினோரு நொடி. பிறகு மணி கணீர் என்றது. மாமாவின் சுத்தி அப்போது மேலே இருந்தது.

எப்படியோ நிகழ்ச்சியை முடித்தார்கள். மலை ஜெயித்துவிட்டதாக அறிவித்தார்கள். மேஜையில் தொலைபேசி அடித்தது. ஒலிக்காரர் எடுத்து, மணிக்காரருக்கு என்று நீட்டினார். மலையின் மனைவி.

"அண்ணே, ரேடியோ கேட்டுட்டுதான் இருந்தேன். எட்டாவது ரவுண்டுல மணி கொஞ்சம் லேட்டோ?"

மாமா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அவரும் அதையேதான் சொல்றார்."

"யாரும்மா?"

"இப்பதான் வந்தார். கையில சுத்தின துணியை அவுத்துட்டு இருக்கேன். ரத்தத்துல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது." கொஞ்ச நேரம் துணி உரிகிற சத்தம் மட்டும் கேட்டது. "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றார். அன்னைக்கு மணி சரியாத்தானே அடிச்சீங்க?"

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவன் வந்து கேட்கிறான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வர்ணனையாளரும் ஒலிக்காரரும் பக்கத்திலேயே நின்றார்கள். மாமா அவர்களை ஒருமுறை பார்த்தார்.

"சரியாத்தாம்மா அடிச்சேன்."

அந்தப் பக்கம் உடைந்த மூக்கால் ஒரு மூச்சு... பிறகு இணைப்பு போய்விட்டது.

"யாரு சார்?" என்றார் வர்ணனையாளர்.

"ராங் நம்பர்."

மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் என் நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு நொடி உட்பட. "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா" என்று கெஞ்சினான். "போடா. இத்தனை வருஷம் காப்பாத்தின பேரு என்னாகறது?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு மூச்சு நின்றது. டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

அப்போது மாமாவின் வலது கை எழுந்தது. விரல்கள் மடங்கி, சுத்தியைப் பிடித்த மாதிரி. கட்டில் கம்பியில் அடித்தது. மறுபடி அடித்தது. டாக்டர் பின்னால் நகர்ந்தார். கை நிற்கவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நண்பன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு நொடி.

இரும்புக் கட்டில் அது. முட்டித் தோல் கிழிகிற அளவுக்கு அடித்தது... ஒரு சத்தமும் வரவில்லை.