ஒரு வழக்குக்கு ஒரு சூடம்

எனக்குச் சீட்டாட்டத்தில் அப்படியொன்றும் பெரிய ஆசை கிடையாது, ஐயா. வலை காய்கிற நேரத்தில் மனிதன் வேறு என்னதான் செய்வான்? பழவேற்காட்டு ஏரிக்கரையில் படகு நிழலாகப் பார்த்து உட்கார்ந்து மூணு சீட்டு போடுவோம். பந்தயம் பீடி, மிஞ்சிப் போனால் அஞ்சு பைசா. அதனால் யார் குடியும் கெட்டதில்லை.

ஜெயித்தவன் சீட்டுப் போடுவது எங்கள் வழக்கம். அவனுக்கு அடுத்து உட்கார்ந்தவன் முதலில் பேச வேண்டும். போட்டவன் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுவான். ஜெயிப்பது பெரும்பாலும் நாகமுத்து, என் தங்கை செல்லியம்மாளின் புருஷன். மச்சான் என்கிற உரிமையில் அவனை ஒட்டி உட்காருவது நான். ஆக, கையில் என்ன வந்திருந்தாலும் முதலில் வாயைத் திறக்க வேண்டியவன் இந்தச் செங்கல்வராயன்தான். எதிராளி மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதல் சுற்றில் ஏற்றிக் கட்டிவிட்டால் அடுத்த சுற்றிலும் கட்டிவிட வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். தயங்கினால் குட்டு உடைந்துபோகும். விடாமல் கட்டினால் பெரும்பாலும் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள். நாகமுத்து மட்டும் போக மாட்டான். "நீ கட்டு மச்சான், நானும் வரேன்" என்று சிரித்தபடி கடைசிவரை கூடவே வருவான். பிறகு என் சீட்டை எல்லாருக்கும் திருப்பிக் காட்டி, "இன்னா மச்சான், ஒண்ணுமே இல்லாமயா இவ்ளோ தூரம் வந்தே?" என்பான். கரையே சிரிக்கும். எனக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. விளையாட்டுதானே.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்று ஊரே கூடிக் குலுக்கிப் போட்டு எடுப்போம். முகத்துவாரத்துப் பாட்டில்தான் இறால் அள்ளும். அந்த ஐப்பசியில் ஒருநாள் அந்த முறை கங்கம்மாளுடையது. புருஷனில்லாதவள். கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு அவள் வருவதற்குள் யாரோ வலை போட்டு வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கரையில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் பஞ்சாயத்து கூடியது.

அன்று விடியலில் ஏரியில் இருந்தது நானும் நாகமுத்துவும்தான். தலைவர் என்னைத்தான் முதலில் கேட்டார். அவனை முதலில் கேட்டிருந்தால் விஷயம் இவ்வளவு வளர்ந்திருக்காது. நான், "நாகமுத்து போட்டான்" என்றேன். பகை ஒன்றும் இல்லை, ஐயா. அந்த நேரத்தில் வாயில் வந்த பேர் அது. அபராதத்தைக் கட்டிவிட்டு, ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுபடி சீட்டாட வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

வலை என்னுடையது. சொல்லவில்லையோ?

நாகமுத்து எழுந்து, "நான் போடல. மச்சானுக்கு இன்னா ஆச்சுன்னு தெர்ல" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்குக்கு ஒரு சூடம்தான். முதலில் குற்றம் சொன்னவனைக் கூப்பிட்டு எல்லையம்மன் முன்னால் எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அவன் அணைத்துவிட்டால் மற்றவனுக்குச் சூடம் கிடையாது. அம்மன் இரண்டு பேச்சு கேட்க மாட்டாள். நான் அணைக்க மாட்டேன் என்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஏற்றிக் கட்டியாகிவிட்டதே. உள்ளங்கையால் அணைத்தேன். கொப்புளம் ஆற நாளாயிற்று.

அப்போதும் அவன் அபராதம் கட்டவில்லை. ஊர்க்கட்டுப்பாடு விழுந்தது. ஏரியில் அவனுக்குப் பாடு கிடையாது, அவனோடு யாரும் படகேறக் கூடாது, கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. செல்லியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்து உள்ளே வராமல் நின்றாள். "ண்ணா, கொழந்தைக்குத் தண்ணி மொண்டுக்கினு வர அடுத்த ஊருக்கு நடக்கிறேன். நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

"உன் ஊட்டுக்காரனை அபராதத்தைக் கட்டச் சொல்லு."

"கட்டினா திருடன்னு ஆயிடுமேண்ணா."

நான் என்ன செய்ய முடியும்? கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கம்பெனி கட்டுகிறார்கள், புதுவாயலில் லாரி நின்று ஆள் ஏற்றுகிறது. அவன் குடும்பத்தோடு அங்கே போய் மானமாகப் பிழைத்திருக்கலாம். இன்னும் ஒரு சுற்று பொறுத்தால் போய்விடுவான் என்று பொறுத்தேன்.

அவன் போகவில்லை. ஏரிதானே கிடையாது, கடலுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று அவன் அப்பனுடைய பழைய கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கிளம்பினான். வாடைக்காற்று பேய்த்தனமாக அடித்த நாள். முகத்துவாரத்து அலையிலேயே மரம் புரண்டது. பட்டப்பகல். ஊரே கரையில் நின்றது. மரத்தை ஒரு கையால் பிடித்தபடி அவன் முங்குவதும் எழுவதும் எல்லாருக்கும் தெரிந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "செங்கல்வராயா, வழக்க வாபஸ் வாங்கிக்கினேன்னு சொல்லு. படகைத் தள்றோம். கட்டுப்பாட்ட மீறி தள்ளினா நாளைக்கு ஊருன்னு ஒண்ணு இருக்காது."

பாருங்கள், அப்போதும் முதலில் பேச வேண்டியவன் நான்தான். செல்லியம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டாள். கங்கம்மாள்கூட, "போனது போவட்டும், சொல்லேன்டா" என்று கத்தினாள். சொல்லத்தான் நினைத்தேன். அத்தனை பேர் முன்னால், ஒன்றுமே இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்?

"அணைச்ச சூடம் அணைச்சதுதான்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மரம் மட்டும் மிதந்தது. எனக்கு அழுகை வந்தது, ஐயா. கரையில் முதலில் அழுததே நான்தான்.

ஏரியில் வலை போடும் அவனுடைய முறை இப்போது என்னிடம் இருக்கிறது. நான் கேட்டு வாங்கவில்லை. செத்தவன் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவனுக்குத்தான் முறை என்பது ஊர் வழக்கம். தங்கையும் குழந்தையும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். அவள் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் ஆற நாள் பிடிக்கும்.

நீங்கள் காலையில் அவளைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டு விசாரித்தீர்கள். நல்லதுதான், என் வாழ்க்கையில் இந்த ஒரு தடவைதான் எனக்கு முன்னால் இன்னொருவர் பேசியிருக்கிறார். எவனோ வேண்டாதவன் உங்களுக்கு மனுப் போட்டிருக்கிறான். அவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவள் அண்ணனை விட்டுக்கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள். அதோ பாருங்கள், இந்த வெயிலில் ஸ்டேஷன் வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் காத்திருக்கிறாள்.