கால் தரையில் படாத எட்டு நாள்

முகம் எனக்கு மறந்துவிடும். கணுக்காலைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவேன். வேலை அப்படி. கால் நரம்பு சுருண்டவர்களுக்குக் கத்தி வைக்காமல் ஊசியிலேயே சரிசெய்யும் கிளினிக் எங்களுடையது. டாக்டர் ஊசி போடுவார், அதிகம் பேசமாட்டார். பேச்சுக்குத்தான் நான். இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, "எழுந்து நடங்க, தினமும் நடங்க, படுத்தே கிடந்தா ரத்தம் கட்டிக்கும், அது நெஞ்சுக்கு ஏறினா ஆளே போயிடும்" என்பேன். பதினோரு வருடமாக அதே வசனம். கிளிக்குக்கூட அலுத்திருக்கும்.

அக்கா சலவைக்கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டு என்னை வளர்த்தவள். முழங்காலுக்குக் கீழே மண்புழு குடியிருப்பதாக அவளே சிரிப்பாள். நாற்பத்தேழு வயதில் அவளை ஒரு கடிகாரக்காரர் கல்யாணத்துக்குக் கேட்டார். வேறு ஊர். சரி என்றுவிட்டாள்.

"காலைச் சரிபண்ணிக் குடுடா. அங்க போய் நொண்டக்கூடாது."

நானே கூட்டிப்போனேன். டாக்டர் ஊசியை ஒழுங்காகத்தான் போட்டார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்றியது நான்.

"கிளினிக்ல பக்கத்து பெட்டு அம்மாவ நடக்கச் சொன்னியேடா?"

"அவங்களுக்கு வேற மருந்துக்கா. உனக்குப் பத்து நாள் கால் தரையில படக்கூடாது."

"சின்ன டாக்டர் நீ சொன்னா சரி. ஆயுசுல முதல் லீவு."

ஊட்டிவிட்டேன். தலை வாரினேன். பெட்பேன் கழுவினேன், முகம் சுளிக்கவில்லை. ஆறாம் நாள் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது.

"வலிக்குதுடா. டாக்டரைக் கேளேன்."

"கேட்டுட்டேன்க்கா. மருந்து வேலை செய்யுதாம்."

கேட்கவில்லை. அந்த வீக்கம் என்னவென்று ஊருக்கே பாடம் எடுப்பவன் நான். கடிகாரக்காரர் வாசலில் வந்து நின்றார். தூங்குகிறாள் என்று அனுப்பிவைத்தேன். எட்டாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். போனைக் காதில் வைத்து, எண்ணை அழுத்தாமலேயே வீட்டு விலாசத்தைக்கூடச் சொன்னேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், கடைசிவரை.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நின்றே தேய்ந்தவளைப் படுக்கவைத்துச் சோறு ஊட்டியது யார், கடிகாரக்காரரா?

ஒரே ஒரு திருத்தம். வாக்குமூலத்தில் 'தம்பியை விட்டுப் போகவிருந்தவர்' என்று இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். அக்காவுக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது. எட்டு நாளில் ஒருமுறைகூட அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.