முள்ளை மறைத்த பிள்ளையார்

“ஹீட் காட்டுற முள்ளு மேல பிள்ளையாரை ஒட்டினது யாரு?”

லிங்கராஜபுரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பட்டுவேட்டிக்காரர் மனைவியைக் கேட்டார். டின் ஃபேக்டரி சிக்னலில் கார் சூடேறி நின்றுவிட்டதாம். எனக்குக் கார் கிடையாது; காது உண்டு.

“நல்லாயிருக்கே! முள்ளு தெரியல சரி, பானெட்ல வந்த புகையுமா தெரியல?”

“தெரிஞ்சுதான் நிறுத்தி ஆறவிட்டேன். அப்புறம் சாவியத் திருப்பினா செல்ஃபே சுத்தல. சூட்டுல இன்ஜின் இறுகிப் பிடிச்சிருச்சு போல.”

“இன்ஜினை விடுங்க. என் தம்பி தாலி கட்டுறப்ப மூணாவது முடிச்சு யாரு போடுவா? ஒரே அக்கா நான்!”

அந்த அம்மா தம்பிக்குப் போன் போட்டார்.

“டேய், மணமேடைலயா இருக்க? ஐயரு மந்திரத்தத் தப்பா சொல்லிட்டாருன்னு சண்டை போடு. முதல்லேருந்து சொல்லட்டும்!”